கதிர்காமத்துக்குப் போன மூக்கு

என் மூக்கு அழகான மூக்கு இல்லை. முகத்தில் பாதி இடத்தை அது எடுத்துக்கொண்டது. மிச்சத்தைத்தான் கண்ணும் வாயும் பங்கு போட்டுக்கொண்டன. பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளை வருவதற்கு முன்பே மூக்கு வந்துவிட்டது என்று என் மனைவியின் சித்தி சொன்னதாக வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. ஆனால் போடியில் முப்பது வருடமாக எனக்குச் சோறு போட்டது அந்த மூக்குதான்.

நான் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறவன். போடியில் ஏலக்காய் என்று முழுதாக யாரும் சொல்ல மாட்டோம். காய் என்றால் அதுதான், மற்றதெல்லாம் காய்கறி. மலையிலிருந்து வரும் சாம்பிள் காயில் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு. பிறகு ஒரே ஒரு வார்த்தை. ‘புதுசு.’ ‘போன வருசத்துது.’ ‘புகை.’ ‘ஈரம்.’ அதை வைத்துத்தான் முதலாளி அந்தக் காயை வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்வார். கண்ணை மூட வேண்டிய அவசியமே கிடையாது. மூடினால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வருகிறது, அதனால் மூடுவேன். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்; அவருடைய அப்பா காலத்து ஆள் என்பதால் என்னை அண்ணே என்பார். மற்றவர்களுக்கு நான் மூக்குக்காரர்.

திமிரும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “காய் ரெண்டாந்தரம்” என்று சமையல்காரரிடம் சொன்னேன். அந்தப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்து எழுந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பு ஆறடி தூரம்கூட இல்லை.

“பால் தீஞ்சு தெருவரைக்கும் நாறுது. அந்த மூக்க வச்சுக்கிட்டு இங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

பாத்திரத்தில் குனிந்து முகர்ந்தேன். கருகிப்போன பாலுக்கும் வெறும் காற்றுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காய்ச்சல் போகும்போது கையோடு வாசத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சரி, சளி இறங்கினால் வந்துவிடும் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஜீப்பு ஏறி மலைக்குப் போனேன்.

அன்றைக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டோர்க்காரர் கதவைத் திறந்ததும் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு காயை எடுத்துக் கீறி, பழக்கத்தில் கண்ணை மூடி, “வாசம் அருமை” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கொழப்பமில்லையா அண்ணே? கொழாய் ஓட்டையாகிப் பொகையெல்லாம் உள்ள எறங்கிருச்சு, காய் போச்சுன்னு நெனச்சேன்” என்றார். கொழப்பமில்லை என்றேன்; மலையில் அப்படிச் சொன்னால் கெடுதல் ஒன்றுமில்லை என்று அர்த்தம். லோடு கடைக்கு வந்ததும் காய் பொறுக்கும் பெண்கள் மூட்டையைப் பிரிக்காமலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கூசாமல், ஜீப்புக்காரன் டீசல் கேனோடு சேர்த்து ஏற்றியிருப்பான் என்று பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். அந்த ஜீப்புக்காரர் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அவளும் இதே கடையில் காய் பொறுக்கியவள்தான். நிச்சயம் ஆனதும் நிறுத்தச் சொன்னது நான். மூக்குக்காரன் பொண்டாட்டி தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கினால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பதில் சொல்ல நான் விட்டேனா என்பதும் ஞாபகம் இல்லை.

மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கடையில் சாம்பிள் வந்தால், “வெறும் வயித்துல மூக்கு சரியாச் சொல்லாது முதலாளி, சாப்புட்டுட்டு நிதானமாப் பாத்துச் சொல்றேன்” என்பேன். மத்தியானம் சாம்பிள் பொட்டலங்கள் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குப் போகும். அவள் ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டே மறு கையால் காயை வாங்கி மூக்கருகில் வைப்பாள். “இது புகை. இது ஈரம். அது போன வருசத்துது, மேலாக்கப் புதுசத் தூவியிருக்கானுக.” கண்ணைக்கூட மூட மாட்டாள். எனக்கு அதுதான் ஆத்திரம். நான் முப்பது வருடமாகச் சாமி வந்தவன் மாதிரி செய்த காரியத்தை அவள் குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி செய்தாள்.

நான் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குத் திரும்பி, பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடி, அவள் சொன்னதையே சொல்வேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மாசி மாதம் முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: “அண்ணே, இந்த வருசம் உங்க மூக்கு சாணை பிடிச்ச அருவா மாதிரி இருக்கு. எங்கப்பா காலத்துலகூட இப்படி இல்ல.” நான் அடக்கமாகச் சிரித்தேன். என் ஆயுளில் அதைவிட வயிறெரிந்து சிரித்தது கிடையாது.

பயம் வேலையைப் பற்றி மட்டும் இல்லை. மூக்கு இல்லையென்றால் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது, வேறு பெருமையும் கிடையாது. ஒருநாள் குளிக்கும்போது சோப்பை முகர்ந்து பார்த்து, வாசம் வராமல் அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆள், உடம்பெல்லாம் நுரையோடு, சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

தேனியில் ஒரு டாக்டரிடம் போனேன். உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் மூன்று காய் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். “என்ன மூக்குக்காரரே, மூக்குக்கு என்ன?” என்றார் ஒருவர். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மதுரைக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே தும்மினால் போடியில் கேட்கும். அப்போதுதான் கொழும்பில் கடை வைத்திருக்கும் மச்சினன், அங்கே கடற்கரையோரம் வாசம் போனவர்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருப்பதாகச் சொன்னான். பத்து நாள் தங்கிப் பார்க்க வேண்டுமாம். எனக்கு வைத்தியம் பிடித்ததைவிட, நடுவில் கடல் இருந்தது பிடித்திருந்தது. காய் வியாபாரி எவனும் அதைத் தாண்டி மூக்கைக் காட்ட வர மாட்டான்.

முதலாளியிடம் கதிர்காமம் முருகனுக்கு ஒரு வேண்டுதல் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். “போயிட்டு வாங்கண்ணே. அங்க திருநூறு ரொம்ப விசேசம்பாங்க. மறக்காம எனக்குக் கொஞ்சம் கொண்டாங்க.” சித்திரை கடைசியில் மதுரையில் விமானம் ஏறினேன்.

தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாம் நாளும் ஒரே பக்கத்துக் கடலைப் பார்த்துவிட்டு, “மாப்ளே, மத்தப் பக்கத்துக் கடலெல்லாம் எங்க?” என்று மச்சினனிடம் கேட்டேன். அவன் காரில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினான்.

வைத்தியசாலை தென்னந்தோப்புக்குள் இருந்தது. டாக்டர் சிங்களவர், நர்ஸ் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண், அவர் பேசியதை எனக்குச் சொல்வது அவள்தான். முதல் இரண்டு நாள் தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை நர்ஸ் வெளியே வந்து என் பக்கத்தில் குனிந்து, மென்மையான குரலில் சொன்னாள்: “உங்கட ரிப்போட் எல்லாம் வந்திட்டுது, ஐயா. டொக்டர் இன்னும் வரேல்லை. நீங்கள் ஆறுதலா இருங்கோ.”

ரிப்போர்ட் வந்துவிட்டது, அதைப் பார்த்த பெண் ஆறுதலாக இருக்கச் சொல்கிறாள். இழவு வீட்டில் சொல்கிற வார்த்தை. தென்னை மரத்தடிக்குப் போய் மனைவிக்கு போன் போட்டேன்.

“எல்லாம் முடிஞ்சிருச்சு. நர்சம்மா ஆறுதலா இருக்கச் சொல்லிருச்சு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சி அழும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, கெளம்பி வாங்க. மூக்கு இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்ல” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நர்ஸ் பதறிப்போய், “என்னையா, ஏன் அழுறியள்?” என்றாள்.

“நீங்கதானம்மா ஆறுதலா இருக்கச் சொன்னீங்க.”

“ஓம். டொக்டர் வர நேரமாகும், அவசரப்படாம மெதுவா இருங்கோ எண்டுதானே சொன்னனான்.”

அந்த ஊரில் ஆறுதல் என்றால் நிதானம். இதைத் தெரிந்துகொள்ள நான் என் மனைவியை ஒருமுறை அழவைக்க வேண்டியிருந்தது. மறுபடி போன் போட்டு விளக்கினேன். “போன வைங்க” என்று மட்டும் சொன்னாள்.

வெட்கம் தீர்வதற்குள் அடுத்தது நடந்தது. பெஞ்சில் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் மூக்கு போனவர்தான், மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கிறாராம். திடீரென்று என் பக்கம் திரும்பினார். காற்றை இழுத்தார். எழுந்து வந்து என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் எதையோ சொல்லி விசும்ப ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்தாள். விஷயம் இதுதான்: என் சட்டைப் பையில் எப்போதும் நாலு காய் கிடக்கும், போடிக்காரன் பழக்கம். அந்த அம்மாவுக்கு அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முதலாக ஒரு வாசம் வந்திருக்கிறது. என் காயின் வாசம். அப்போதுதான் வந்து சேர்ந்த டாக்டர் அவரைத் தட்டிக்கொடுத்தார், எனக்கும் கை கொடுத்தார். “ஐயா வந்த நாளிலயிருந்து இங்கை வட்டிலப்பம் அவிச்ச வீடு மாதிரித்தான் மணக்குது” என்று நர்ஸ் சிரித்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் காயும் போட்டு அவிக்கும் பலகாரமாம். ஊரில் எல்லாருக்கும் மணந்த அந்தக் காய், சுமந்துகொண்டு திரிந்த எனக்கு மட்டும் மணக்கவில்லை. மறுநாளிலிருந்து என் பக்கத்து இடத்துக்குப் போட்டி வேறு.

ரிப்போர்ட்டில் கெடுதல் ஒன்றும் இல்லை, வைத்தியமும் பெரிதாக இல்லை. மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். காலையும் மாலையும் நாலு குப்பிகளை முகர வேண்டும்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். அந்த நேரத்தில் வேறு வாசம் கலக்கக் கூடாது என்று காயை டாக்டர் என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்வார். “மணக்கேல்லை எண்டாலும் பரவாயில்லையாம். அந்த மணத்தை முந்தி எங்கை மணந்தியள் எண்டு நினைச்சுப் பாருங்கோவாம்” என்றாள் நர்ஸ்.

நினைத்துப் பார்த்தேன். எலுமிச்சை என்றால் ஊறுகாய் போட்ட கையோடு அவள் எனக்குத் தண்ணீர் தந்த டம்ளர். கிராம்பு என்றால் என் பல்வலிக்கு அவள் நசுக்கி வைத்தது. யூகலிப்டஸ் என்றால் அவள் தேய்த்துவிட்ட தைலம். எந்தக் குப்பியைத் திறந்தாலும் உள்ளே அவளே இருந்தாள். ரோஜாவுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் எங்கள் கல்யாண மாலை ஞாபகம் வந்தது. மணவறையில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அந்த மாலையைப் பற்றித்தான். தலையைக் குனிந்தபடியே, “ஒங்க மாலைல ஏதோ பூ அழுகியிருக்கு” என்றாள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, ரோஜா வாசம்தான் என்று அடித்துச் சொன்னேன். சாயங்காலம் மாலையைக் கழற்றும்போது பார்த்தால் உள்ளே ஒரு சாமந்தி கறுத்துக் கசிந்திருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் பிய்த்து எறிந்தேன்.

அப்போது என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. காய் பொறுக்கிய பெண்ணை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

எட்டாம் நாள் காலை எலுமிச்சைக் குப்பியில் ஒரு சின்னக் கீற்று வந்து போனது. பத்தாம் நாள் கிராம்பும் லேசாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் மாதக்கணக்கில் ஆகும், விடாமல் முகருங்கள் என்று நாலு குப்பிகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். கதிர்காமம் இருக்கும் திசைக்குக்கூட நான் திரும்பிப் படுக்கவில்லை.

திருநூறு ஞாபகம் வந்தது மதுரை விமான நிலையத்தில். பஸ்சு ஏறப் போகும் வழியில் ஒரு பூஜை சாமான் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, அச்சடித்த கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, கொழும்புத் தமிழ்ப் பேப்பர் ஒன்றில் பொட்டலமாக மடித்தேன். பேப்பர் யோசனை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. ஒருதடவை முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாம்பலுக்கு என்ன வாசம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றிக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

“அண்ணே, இது பழனித் திருநூறுல்ல?”

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையைத் தூக்கினாள். “பழனியேதான் முதலாளி. வாசம் இங்க வரைக்கும் வருது.”

போடிப் பக்கத்தில் பழனிக்கு நடந்து போகாத வீடு இல்லை. அந்த மணத்தைக் குழந்தைகூடச் சொல்லும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்கலாம். பழக்கதோஷம், பொட்டலத்தை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்து, ஒரே வார்த்தை சொன்னேன்.

“கதிர்காமம்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் சல்லடையிலிருந்த காய் தரையெல்லாம் சிதறியது. முதலாளி சிரிக்கவில்லை. “அண்ணே, உள்ள வாங்க” என்றார்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஸ்டோர், ஜீப்புக்காரர், கொழும்பு, குப்பி. முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப ஐப்பசியிலருந்து சித்திரை வரைக்கும் சொன்னதெல்லாம் யாரு?”

“எங்க வீட்டுல.”

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் மேசையிலிருந்த சாம்பிள் பொட்டலங்களை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். “அந்த மூக்க வெரசாக் கூட்டியாங்கண்ணே. நீங்களும் வாங்க. பொட்டலம் பிரிச்சுக் குடுக்க ஆள் வேணும்ல.”

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. “மூக்குக்காரர் பொண்டாட்டி கடைக்குப் போனா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். முப்பது வருடத்துக்கு முந்தைய வார்த்தையை அவள் அத்தனை நாளும் கெடாமல் வைத்திருந்தாள். தப்புதான் என்றேன். அவள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், எழுந்தது. “ஜன்னலுக்கு எதுக்க யாரு இதப் போட்டா? வர்ற வாசத்தையெல்லாம் காத்து கொண்டுபோயிரும்ல” என்றாள். காற்று நன்றாக வருகிறது என்று முப்பது வருடத்துக்கு முன்னால் அதை அங்கே போட்டவன் நான்தான். தூக்கி மூலையில் போட்டேன். இப்போது அவள்தான் மூக்குக்காரம்மா. நான் பொட்டலம் பிரிக்கிறேன், மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன், டீ வாங்கி வருகிறேன்.

ஆடி மாதம் ஒரு காலை. அவள் எனக்கு முன்னால் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று வந்து மூக்கில் சுருக்கென்று ஏறியது. என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் அடுப்பில் வைத்து மறந்திருந்த பால் தீய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு நல்ல நாற்றத்தை நான் பிறந்ததிலிருந்து முகர்ந்தது இல்லை. அவளுக்கு போன் போட்டேன்.

“பால் தீயுது. எனக்குத் தெரியுது. நல்லா நாறுது.”

“அப்ப அடுப்ப அணைச்சுட்டுப் பேசுங்க” என்றாள்.

அன்று கடைக்குப் போனதும் எனக்கு ஒவ்வொரு பொட்டலமாக வாசம் வந்தது. புதுசு தெரிந்தது, ஈரம் தெரிந்தது. ஒரு எஸ்டேட் சாம்பிளைப் பிரித்த மாத்திரத்தில் புகை முகத்தில் அடித்தது. முதலாளி எதிரே நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் நாற்காலியும் பெயரும் திரும்ப வந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் காயை வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் போன் போட்டவன் நான்தானே, அவளுக்குத் தெரியாதா? மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சொல்லுங்க, என்ன வாசம்?” என்றாள். கை இரண்டையும் மடியில் இறுகக் கோத்திருந்தாள்.

“எனக்கு எங்கிட்டுத் தெரியுது” என்று காயை அவள் பக்கம் நீட்டினேன். “நீ சொல்லு.”

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். “புகை” என்றாள் முதலாளியிடம். நான் சீட்டில் எழுதிக்கொண்டேன்.